வெட்டின ஆறு வரி

3.3.91, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு,

அக்காவுக்குத் தையல் பிரிச்சாச்சு. வயித்துல வலி கொறஞ்சிருக்கு, வாய் மட்டும் கொறையல. இன்னும் ரெண்டு மூணு வாரம் கூட இருந்துட்டு வர்றேன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். ஆனா இன்னிக்குச் சாயங்காலம் ஒண்ணு நடந்துபோச்சு. அத மொதல்ல கேட்டுடுறேன்.

டிவியில அந்தப் படத்தப் போட்டாங்க. எந்தப் படம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஸ்டேஷன் மாஸ்டர் மகளும் படகோட்டியும் ஆசப்படுவாங்களே, அந்த இந்திப் படம். பதினாறு வருசத்துக்கு முன்னால நீங்க மெஷின் ஓட்டுற தியேட்டர்ல அம்பத்தோரு நாள் ஓடுச்சு. திரைக்கு முன்னால தொங்குற செவப்புத் துணியத் தைக்க நான் அங்க வந்ததும் அப்பத்தான்.

அக்கா வீட்டு ஹால்ல பதினோரு பேரு. இந்தி தெரிஞ்ச மாடி வீட்டம்மாவும் வந்திருந்தாங்க. கடைசியில அவ ரயில் ஏறுறா. அவன் கையில கட்டோட பிளாட்பாரத்துல நிக்கிறான். ரயில் போயிடுது. எல்லாரும் மூக்கச் சிந்திக்கிட்டு எழுந்திரிச்சாங்க. நான் சிரிச்சேன். "உக்காருங்க, உக்காருங்க, இனிமேதான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்துடுவாங்க. உங்களுக்கெல்லாம் தெரியாது"ன்னு சொன்னேன். பதினோரு பேரும் உக்காந்தாங்க.

நியூஸ் வந்துச்சு.

அக்கா கேட்டா, "ஏண்டி, நியூஸ்லயா சேருவாங்க?" வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. தையல் பிரிச்ச வயிறு.

அன்னிக்கு நான் படம் பாத்துட்டு ரெண்டு நாள் அழுதேன். நீங்க என்ன சொன்னீங்க? "இன்னொரு ரீல் இருக்கு. ஜனங்க கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்னு முதலாளி அத ஓட்ட வேணாம்னுட்டாரு"ன்னு சொன்னீங்க. மறுநா காலைல யாருமில்லாதப்ப எனக்கு மட்டும் ஓட்டிக் காட்டினீங்க. ரயில் போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் படகுல, மஞ்சத் துப்பட்டா பறக்குது. நடுவுல கனவுல வந்த அதே பாட்டுதானேன்னு கேட்டேன். "கனவு பலிச்சா அதே மாதிரிதான இருக்கும்"னீங்க. கையில கட்டு என்னாச்சுன்னு கேட்டேன். "ஆறிடுச்சு"ன்னீங்க. அன்னிக்கு மத்தியானந்தான் நான் உங்களுக்குச் சரின்னு சொன்னேன்.

அந்த ரீல் எங்கருந்து வந்துச்சு? பதில் எழுதுங்க. கத எழுதாதீங்க.

தையக்காரி


8.3.91, வெள்ளி

என் குண்டூசிக்கு உன் ஆபரேட்டர் எழுதிக்கிறது,

கடுதாசி புதன்கிழம வந்துச்சு. உங்க அக்கா சிரிச்சாங்கன்னதும் எனக்குப் பாதி நிம்மதி. சிரிக்கிற அளவுக்குத் தேறிட்டாங்கல்ல.

உன் கடுதாசிய எடுத்துக்கிட்டு மெஷின் ரூம்ல உக்காந்தேன். உக்காந்ததும் மேனேஜர் வந்துட்டாரு. ஏன் வந்தாருன்னு கேளு. புறா. கூரைத் தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சோடி கூடு கட்டியிருக்கே, அதுல ஆம்பளப் புறா நேத்து மேட்னி ஷோவுல உள்ள பூந்து வெளிச்சத்துக்குக் குறுக்க பறந்துடுச்சு. திரையில கதாநாயகி அழுதுக்கிட்டு இருக்கா, அவ தலைக்கு மேல லாரி சைசுக்கு ஒரு புறா நிழல். ஜனம் கைதட்டுது! படத்துலயே அப்படித்தான்னு நெனச்சிடுச்சு. ஒரு பெரிய மனுசர் வெளிய போகும்போது டிக்கெட் கிழிக்கிறவர்கிட்ட, "அந்தப் புறா வந்த எடம் பிரமாதம்யா, டைரக்டர் லேசுப்பட்ட ஆளில்ல"ன்னு சொல்லிட்டுப் போனாராம். இப்ப மேனேஜருக்கு என்ன கவலைன்னா, நாளைக்கு வர்றவனும் புறாவக் கேப்பானே. "அத மறுபடி வரவைக்க முடியுமா?"ன்னு எங்கிட்டயே கேக்குறாரு. புறாவுக்கு நானா கால்ஷீட் குடுக்குறேன்?

எங்க விட்டேன்? ஆங், ரீலு.

இங்க பாரு, டிவிக்காரனுக்கு எட்டு மணிக்கு நியூஸ் போட்டாகணும். உலகத்துல எது நின்னாலும் அது நிக்கக் கூடாது. நம்ம முதலாளிக்குக் கடைசி பஸ்ஸு, அவனுக்கு நியூஸு. ரெண்டு பேரும் கத்திரி வைக்கிற எடம் ஒண்ணுதான். கடைசி ரீல வெட்டினா யாருக்கும் தெரியாது, கத முடிஞ்ச மாதிரிதான் இருக்கும். நடுவுல வெட்டினா சத்தம் போடுவாங்க. இது தொழில் தெரிஞ்சவனுக்கு வெளிச்சம். நீ அத மனசுல போட்டு ஒழப்பிக்காத.

சட்டைக்குப் பித்தான் அந்து போச்சு. நானே தைச்சேன். இப்ப அந்தச் சட்டையக் கழுத்து வழியா மட்டுந்தான் போட முடியுது, எப்படித் தைச்சேன்னு தெரியல. கொழாய்ல தண்ணி காலைல ஆறரைக்கு வருது. குடத்த வச்சுட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன், நீ சொன்ன மாதிரி.

இன்னொண்ணு. மாடி வீட்டம்மான்னு எழுதியிருக்கியே, அவங்க யாரு? இந்தி அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். பாஷ தெரியும்னு சொல்றவங்கல்லாம் சரியா சொல்வாங்கன்னு என்ன நிச்சயம்?

ஆபரேட்டர்


13.3.91, புதன்

வீட்டுக்காரருக்கு,

புறா நல்லா இருக்கு. பதில் நல்லா இல்ல.

மாடி வீட்டம்மா பொறந்து வளந்த ஊர்ல எல்லாரும் இந்திதான் பேசுவாங்க. கல்யாணத்துக்கு முன்னால அந்தப் படத்த மூணு தடவ தியேட்டர்லயே பாத்திருக்காங்க. மூணு தடவையும் ரயிலோட முடிஞ்சுதாம். கடைசி பஸ்ஸுக்காக வெட்டியிருப்பாங்கன்னு சொல்லிப் பாத்தேன். "எங்க ஊர்ல பஸ்ஸே கெடையாதும்மா, எல்லாரும் நடந்துதான் போவோம்"னாங்க. அவங்க ஊர்ல நியூஸும் கெடையாது.

அதனால அந்த ரீல நீங்கதான் செஞ்சீங்க. நடுப் பாட்ட எடுத்துக் கடைசியில ஒட்டிட்டீங்க. இது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்காக இந்த லெட்டர எழுதல.

ரெண்டு நாளா ஒரே யோசன. ஒண்ண ஒட்டினவரு இன்னொண்ண ஒட்டியிருக்க மாட்டாரா? அப்பா பெட்டி இங்க அக்கா வீட்டுப் பரண்ல இருக்கு. எறக்கிப் பாத்தேன். அந்த மருந்துக்கடைக்காரர் லெட்டர் அப்படியே இருக்கு.

ஞாபகம் இருக்கா? நீங்க எங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னால இருந்த ஊர்ல, மருந்துக்கடைக்காரர் மகள உங்களுக்குப் பேசி வச்சிருந்தாங்கன்னு அப்பா காதுக்கு வந்துச்சு. கல்யாணமே ஆயிடுச்சுன்னு சொன்னவங்களும் உண்டு. "அந்த மனுசன் கைப்பட எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்"னாரு அப்பா. நீங்க போய் வாங்கிட்டு வந்தீங்க. நடுவுல ஒட்டுப் போட்டிருந்துச்சு. மழைல நனைஞ்சு பையிலயே கிழிஞ்சுதுன்னீங்க. அப்பா தலையாட்டிட்டுப் பெட்டியில வச்சாரு.

அத இன்னிக்கு எடுத்து டேப்பு வச்சு அளந்தேன். கோடு போட்ட நோட்டுத்தாள். கோட்டுக்குக் கோடு எட்டு மில்லி. ஒட்டின எடத்துல மட்டும் அஞ்சு. அக்கா வீட்ல அதே மாதிரி நோட்டு இருக்கு, அதுல ஒரு தாளுக்கு இருபத்தெட்டு கோடு. இதுல இருபத்திரண்டு. கிழிஞ்ச தாளோட ஓரம் பிசிறா இருக்கும். இது பிளேடு போட்ட ஓரம். நான் தையக்காரி, ஒட்டுப் போட்ட எடத்தப் பாத்தாலே எனக்குத் தெரியணும். பதினாறு வருசமாத் தெரியல, ஏன்னா நான் தேடல.

ஆறு வரி போயிருக்கு. அதுல என்ன இருந்துச்சு?

அக்காவுக்கு இனிமே என் ஒத்தாச அவ்வளவா வேண்டாம். ஆனா இங்க தெருமுனையில ஒரு தையல் பட்டற இருக்கு, பள்ளிக்கூட யூனிஃபாரம் தைக்கிறாங்க. கட்டிங் மாஸ்டர் என் கைவேலையப் பாத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. தெனமும் போறேன். கட்டிங் மாஸ்டருக்கு என்னப் பிடிச்சுப்போச்சு. மே ஒண்ணாந்தேதிலருந்து நிரந்தரமா இருந்துடுன்னு கட்டிங் மாஸ்டர் கேட்டிருக்காங்க. ஏப்ரல் முடியறதுக்குள்ள சொல்லணும்.

தையக்காரி


19.3.91, செவ்வாய்

குண்டூசிக்கு,

உன் கடுதாசிய நாலு தடவ படிச்சேன். நாலு தடவையும் கட்டிங் மாஸ்டர் வந்தாரு. மூணு எடத்துல எழுதியிருக்க. நான் எண்ணல, கண்ணுல பட்டுச்சு.

நீ கேட்டதுக்கு வர்றேன். அன்னிக்கு நடந்தத அப்படியே சொல்றேன், நீயே பாத்த மாதிரி இருக்கும். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்றப்ப வெயில் மண்டையப் பொளக்குது. அந்த மனுசன் கடையில ஒரு தராசு வச்சிருப்பாரு பாரு, எறும்பு ஏறினாக்கூட எறங்கும். எழுதறதும் அப்படித்தான், ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்து நிறுத்து வைப்பாரு. ஒரு பக்கம் எழுத ஒன்ற மணி நேரம். அதுக்குள்ள அவரு கடைக்கு வந்த ரெண்டு பேருக்கு இருமல் நின்னு, தானாவே திரும்பிப் போயிட்டாங்க.

வாங்கிப் பையில வச்சுக்கிட்டு பஸ்ல ஏறுனேன். கடைசி சீட்டுதான் கெடச்சுது. பக்கத்துல ஒருத்தரு ஆட்டோட உக்காந்திருக்காரு. கன்டக்டருக்கும் அவருக்கும் ஒரே சண்ட. "ஆட்டுக்கு டிக்கெட் எடு"ங்குறாரு கன்டக்டர். "அது நின்னுக்கிட்டுத்தான வருது, உக்காந்தாத்தான டிக்கெட்டு"ங்குறாரு இவரு. பஸ்ஸே சிரிக்குது. நானும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாக்குறேன், அந்த ஆடு என் சட்டைப் பையிலருந்து கடுதாசிய நடுவுல கடிச்சு இழுக்குது! நான் ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம். கடைசியில ரெண்டு துண்டு எனக்கு, நடுத்துண்டு ஆட்டுக்கு. அது என்ன படிச்சுதோ, அதக் கேட்டாத்தான் தெரியும்.

அதான் நடந்தது.

இந்த மாசம் பூரா எனக்கு நகர முடியாத வேல. புதுப் படம் போட்டிருக்கு, தெனமும் நாலு ஷோ. இல்லன்னா ஒரு நட வந்து பாத்திருப்பேன். ஒரு நாள்கூட அசைய முடியல.

அந்தக் கட்டிங் மாஸ்டருக்கு வயசு என்ன இருக்கும்? கல்யாணம் ஆனவரா? பொதுவாக் கேக்குறேன். தையல் பட்டறைன்னா நெறைய தூசி, ஒடம்புக்கு ஆகாது.

ஆபரேட்டர்


27.3.91, புதன்

வீட்டுக்காரருக்கு,

அப்பாகிட்ட மழைன்னீங்க. இப்ப எங்கிட்ட வெயில் மண்டையப் பொளந்துச்சுங்கறீங்க. போன தடவ நனைஞ்சு கிழிஞ்சுது, இந்தத் தடவ ஆடு தின்னுடுச்சு. ஆடு பிளேடு வச்சு வெட்டித் திங்குமா? ஓரம் அவ்வளவு நேரா இருக்கு, நான் சாக்பீஸ் போட்டு வெட்டினாக்கூட அப்படி வராது.

இன்னொண்ணு கேளுங்க. திங்கக்கிழம மத்தியானம் எங்க பட்டற வாசலுக்கு எதிர்ல, டீக்கடைப் பக்கத்துல, ஒருத்தர் குடையப் பிடிச்சு மொகத்த மறைச்சுக்கிட்டு முக்கா மணி நேரம் நின்னாராம். மழையும் இல்ல, நெழல் வேற இருக்கு. டீக்கடைக்காரர் "என்னங்க, உள்ளுக்குள்ளயே பெய்யுதா?"ன்னு கேட்டாராம். அவரு "கட்டிங் மாஸ்டர் யாரு?"ன்னு விசாரிச்சிருக்காரு. டீக்கடைக்காரர் கையக் காட்டியிருக்காரு. அறுபது வயசு, வெள்ள முடி, கண்ணாடி, கழுத்துல டேப்பு, அஞ்சு பேரப்புள்ளைங்க. எங்க கட்டிங் மாஸ்டர் பொம்பள. அவங்களப் பாத்ததும் அந்த ஆளு டீயக்கூட முடிக்காம ஓடிட்டாராம். நான் ஜன்னல் வழியா முதுகத்தான் பாத்தேன். கறுப்புக் குடை, கைப்பிடிகிட்ட நீலத் துணியில ஒட்டு. அந்த மாதிரி ஒட்டு இந்த ஊர்ல யாரும் போட மாட்டாங்க. நான் போட்டது அது.

அசைய முடியாத வேலைன்னு எழுதினீங்களே, குடை மட்டும் தனியா பஸ் ஏறி வந்துச்சா?

இங்க பாருங்க. சிரிப்பா எழுதுறேன், ஆனா எனக்குச் சிரிப்பு வரல. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் மெஷின் முன்னாலயே உக்காந்திருக்கேன். அந்த ஆறு வரியில என்னென்னமோ வருது. கல்யாணம் ஆயிருக்குமோ. கொழந்த இருக்குமோ. பதினாறு வருசமா நீங்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ஃபிலிம் பொட்டி எடுக்கப் போறேன்னு போவீங்களே, பொட்டிதான் எடுத்தீங்களா? இதுவரைக்கும் இப்படி நெனச்சதே இல்ல. இப்ப எதத் தொட்டாலும் அதுல ஒட்டு இருக்கான்னு நெரடிப் பாக்குறேன்.

நமக்குப் புள்ள குட்டி இல்ல. நான் திரும்பி வர்றதுக்குக் காரணம்னு ஒண்ணு இருந்தா அது நீங்க மட்டுந்தான். அந்தக் காரணம் நெசமா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஆறு வரி. இல்லன்னா மே மாசத்துலருந்து என் வெலாசம் இதுதான்.

தையக்காரி


3.4.91, புதன்

குண்டூசிக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கலாம், கேக்குற மொகம் எனக்கு இல்ல.

மூணு தாள எழுதிக் கிழிச்சுட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு கத வந்துடுது. பேனாவ எடுத்தாலே வந்துடுது, நான் என்ன செய்ய? மொதத் தாள்ல வெள்ளம் வந்துச்சு. ரெண்டாவதுல ஒரு போலீஸ்காரர். மூணாவதுல மருந்துக்கடைக்காரர் செத்தே போயிட்டாரு, பாவம், நல்லா இருக்கிற மனுசன்.

அதனால தொழில் விசயத்துலருந்து ஆரம்பிக்கிறேன், அதுல பொய் வராது.

ஃபிலிம் அந்து போச்சுன்னா என்ன பண்ணுவோம்? பிஞ்ச ஓரத்த நேரா வெட்டுவோம். ஒரு பக்கம் பிளேடால மேல்பூச்சச் சொரண்டுவோம். ஃபிலிம் ஒட்டுற மருந்த ஒரு சொட்டு தடவி இன்னொரு பக்கத்த மேல வச்சு அமுக்குவோம். பத்து வரைக்கும் எண்ணுவோம். ஓட்டினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான், ஜனத்துக்குத் தெரியாது. ஆனா வெட்டின துண்டத் தூர எறியக் கூடாது. அதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்த மொத பாடம். எவ்வளவு சின்னத் துண்டா இருந்தாலும் டப்பாவுல போட்டு வைக்கணும், பொட்டி திரும்பிப் போகும்போது கூடவே போகணும். யாரோ எடுத்த படம், நாம வெட்டலாம், தொலைக்கக் கூடாது.

அன்னிக்கு நீ மூஞ்சியெல்லாம் வீங்கி வந்த. செவப்புத் துணிய மடியில போட்டுக்கிட்டு ஊசியக் கோக்கக்கூட முடியல உனக்கு. "இப்படிப் பிரியறதுக்கு எதுக்கு ஆசப்படணும், யாரும் யாருக்கும் வேணாம்"னு சொன்ன. அன்னிக்குச் சாயங்காலந்தான் நான் உன்னக் கேக்கலாம்னு இருந்தேன். வாயத் தொறந்தேன், "இன்னொரு ரீல் இருக்கு"ன்னு வந்துடுச்சு. வந்தப்புறம் ரீல் வேணுமே. மறுநா விடியக்காலம் ஒம்பதாவது ரீல்லருந்து படகுப் பாட்ட வெட்டிக் கடைசியில ஒட்டினேன். நீ பாத்துட்டுப் போனதும் திரும்ப ஒம்பதுல வைக்க மறந்துட்டேன். மேட்னியில பாட்டு வரல. ஜனம் சீட்டத் தட்டி ஒடைச்சுடுச்சு. கடைசியில ரயில் போனப்புறம் பாட்டு வந்துச்சு, பாதிப் பேரு வெளிய போயிட்டாங்க, மீதிப் பேரு வாசல்ல நின்னு பாத்தாங்க. ஊர்ல ஒரு முப்பது பேரு இன்னும் அவங்க சேந்துட்டாங்கன்னுதான் நம்பிக்கிட்டு இருக்காங்க. நீ தனி ஆளு இல்ல.

மறுபடியும் எங்கேயோ போறேன்.

கடுதாசிய வெட்டினதும் நான்தான். மழ இல்ல, ஆடு இல்ல. ஆடு வேற ஒரு தடவ பஸ்ல வந்துச்சு, அது நெசம், ஆனா அது எதையும் திங்கல.

வெட்டின ஆறு வரியும் எங்கிட்ட இருக்கு. மெஷின் ரூம்ல அந்தப் பழைய பிஸ்கட் டப்பா இருக்கே, அதுக்குள்ள. திருப்பி அனுப்ப எடமில்லாத துண்டு அது ஒண்ணுதான், பதினாறு வருசமா அங்கேயே கெடக்குது. டப்பாவோட அனுப்புறேன், ரெஜிஸ்டர் தபால்ல. அதுல என்ன எழுதியிருக்குன்னு நானே சொல்லலாம். ஆனா நான் சொன்னா அது எனக்குத் தோதா மாறிடுமோன்னு எனக்கே பயமா இருக்கு. நீயே படிச்சுக்க.

ஆபரேட்டர்


11.4.91, வியாழன்

வீட்டுக்காரருக்கு,

டப்பா செவ்வாக்கிழம வந்துச்சு. ரெண்டு நாள் தொறக்கல. அக்கா, "நான் தொறக்கட்டுமா?"ன்னா. வேணாம்னுட்டேன்.

இன்னிக்குத் தொறந்தேன். அடியில காகிதத்துல சுத்தி வச்சிருந்தீங்க. அப்பா பெட்டி லெட்டர்ல ஒட்டின எடத்த நனைச்சுப் பிரிச்சு, நடுவுல வச்சேன். கோடு சரியாப் பொருந்துது. மேல "பையன் கெட்டவன் இல்லை"ன்னு முடியுது. கீழ "என் மகளுக்கு வேறு இடத்தில் திருமணம் முடிந்துவிட்டது, எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை"ன்னு இருக்கு. நடுவுல இருந்தது இது:

"ஆனால் எதிரில் நிற்பவர் முகம் வாடக் கூடாது என்பதற்காக எதையும் சொல்வார். எங்களிடம் சொன்ன படிப்பு, சம்பளம், சொந்த ஊர் மூன்றும் விசாரித்தபோது வேறாக இருந்தன. என் மகள்தான் வேண்டாம் என்றாள். உங்கள் மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவளுக்குச் சம்மதம் என்றால் எங்களுக்கு மகிழ்ச்சியே."

அவ்வளவுதான்.

கல்யாணம் இல்ல, கொழந்த இல்ல. நான் கும்பிட்டிருக்கணும். ஆனா எனக்கு ஆத்திரம் தாங்கல. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க பொய் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமான மொத வாரமே தெரியும். கொழம்புல உப்பு இல்லன்னாலும் பிரமாதம்பீங்க. மேனேஜர் திட்டின அன்னிக்கெல்லாம் அவரு உங்களப் பாராட்டினதா வந்து சொல்வீங்க. அதையெல்லாம் நான் கண்டுக்கல. நீங்க தேடித் தேடி என் மொகத்தப் பாக்குறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

ஆனா இந்த ஆறு வரி அப்பாவுக்கு எழுதினது இல்ல. "உங்கள் மகளிடம் படித்துக் காட்டுங்கள்." எனக்கு எழுதினது. அந்த மனுசன் ஒன்ற மணி நேரம் நிறுத்து நிறுத்து எனக்கு எழுதியிருக்காரு. இதப் படிச்சிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். நிச்சயமா சொல்லியிருப்பேன். தெரிஞ்சு சொன்ன சரி ஒண்ணு எங்கிட்ட இருந்திருக்கும். இப்ப இருக்கிறது தெரியாம சொன்னது. அத நீங்க எடுத்துட்டீங்க. அத நான் எங்க போய்த் தேடுறது?

மூணு கேள்வி கேக்குறேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. புறா, ஆடு, தராசு எதுவும் உள்ள வரக் கூடாது.

ஒண்ணு. பட்டற வாசல்ல குடையோட நின்னது நீங்கதானா?

ரெண்டு. இந்தப் பதினாறு வருசத்துல வேற எதையாவது வெட்டி ஒட்டினது உண்டா?

மூணு. நான் வரலன்னா என்ன பண்ணுவீங்க?

தையக்காரி


16.4.91, செவ்வாய்

குண்டூசிக்கு,

ஒண்ணு. நான்தான்.

ரெண்டு. உண்டு.

மூணு. தெரியல.

ஆபரேட்டர்


20.4.91, சனி

வீட்டுக்காரருக்கு,

உங்க லெட்டர் வந்ததும் இது நீங்க எழுதினதுதானான்னு எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. இவ்வளவு சின்னதா நீங்க மூச்சுக்கூட விட்டதில்ல. யாராவது சொல்லிக்குடுத்து எழுதினீங்களோன்னு கையெழுத்தப் பிஸ்கட் டப்பா மூடியில நீங்க எழுதியிருக்கிறதோட வச்சுப் பாத்தேன். உங்களுதுதான்.

"தெரியல"ங்கறதுக்கு முன்னால ஒரு வரி எழுதி அடிச்சிருக்கீங்க. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். "நீ வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே சோறு தண்ணி இல்லாம தூணு மாதிரி"ன்னு இருக்கு. அதோட நிறுத்தியிருக்கீங்க. அந்த வரி பொய். சோறில்லாம நீங்க ஒரு மத்தியானம்கூட இருந்ததில்ல. ஆனா அத பிளேடு போட்டு எடுக்கல. கோடு போட்டு அடிச்சு, நான் படிக்கிற மாதிரி விட்டிருக்கீங்க. ரெண்டு நாளா அந்தத் தாளத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஊருக்குப் போயிட்டு முடிவு சொல்றேன்னு கட்டிங் மாஸ்டர்கிட்ட ஒரு மாசம் கேட்டேன். "புருசன நம்புறியா?"ன்னு கேட்டாங்க. நம்பலன்னேன். "அப்புறம் எதுக்குப் போற?"ன்னாங்க. "இப்பத் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்"னேன். ஜூன் வரைக்கும் அந்த மெஷின வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்.

ஆறு வரியையும் அதது எடத்துல வச்சுத் தைச்சுட்டேன். ஆமா, தைச்சேன், ஒட்டல. செவப்பு நூலு. யாரு பாத்தாலும் இங்க வெட்டியிருந்துச்சுன்னு தெரியணும்.

ரெண்டாவது கேள்விக்கு "உண்டு"ன்னு எழுதியிருக்கீங்க. என்னன்னு ஆறு மணி நேரமும் பஸ்ல யோசிச்சுக்கிட்டேதான் வருவேன். வந்து எறங்கினதும் அதத்தான் கேப்பேன்.

வியாழக்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ் வரும். ஸ்டாண்டுக்கு வாங்க.

குடை வேண்டாம்.

தையக்காரி